அவங்களே சொல்லட்டும்

பக்கத்து வீட்டில் இருந்த கண்டக்டரக்காவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஊர்ப் பெயரும் வேண்டாம். ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின விஜயபுரம் பக்கம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் நாளைக்குக் காலையில் நான் ஊற்றப்போகிற பால் அப்படியே திரும்பி வரும். அது ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அவர் புத்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ்ஸில் ரொம்ப வருஷம் கண்டக்டராக இருந்தவர். நல்ல உயரம். தரையில் நடக்கும்போதும் பஸ் ஆடுகிற மாதிரிக் காலை அகட்டி வைத்துத்தான் நடப்பார். குரலைக் கேட்கவே வேண்டாம். அவர் தன் வீட்டு வாசலில் நின்று மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினால், கொல்லையில் பாத்திரம் தேய்க்கிற எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்.

அவர் பஸ்ஸில் ஒரு தடவை போனவர்கள் ஒரு விஷயத்தை மறக்கமாட்டார்கள். பெண்களுக்கு பஸ் இலவசம் ஆகாத காலம் அது. குடும்பமாக ஏறுவார்கள். புருஷன்காரன் நோட்டை நீட்டி, "ரெண்டு திருப்பதி" என்பான். வேறு கண்டக்டராக இருந்தால் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். இவர் போகமாட்டார். மனைவி பக்கம் திரும்பி, "நீ எங்கம்மா போற?" என்பார்.

"அதான் சொன்னேனே, ரெண்டு திருப்பதின்னு" என்று புருஷன் எகிறுவான்.

"நீ எங்க போறன்னு நீ சொன்ன. சரி. அவங்க எங்க போறாங்கன்னு அவங்களே சொல்லட்டும்."

தெலுங்குக்காரராக இருந்தால் இதே பாட்டு தெலுங்கில் நடக்கும். "ஆயன காதும்மா, நுவ்வு செப்பு." அவர் இல்லை, நீ சொல்லு. பஸ்ஸே சிரிக்கும். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "திருப்பதிதான்" என்பாள். அதற்கப்புறம்தான் டிக்கெட் கைக்கு வரும். எங்கே போகிறாய் என்று தன்னை ஒரு ஆள் கேட்டதற்கே சில பெண்களுக்கு முகம் மலர்ந்துபோகும். நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டிலும் அதே கதைதான். என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். ஒரு குறைதான் உண்டு. வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்துத் தானே பேசவேண்டும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, "இன்னாம்மா, ஒடம்பு இப்ப எப்படி கீது?" என்று என்னைக் கேட்டால், "அவளுக்குப் பரவால்லக்கா, நேத்தே சரியாப் பூடுச்சு" என்று இவர் முந்திக்கொள்வார். அக்கா அவரை ஒரு பார்வை பார்ப்பார். "தலைவலி அவளுக்கா உனக்கா?" என்பார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

எல்லாரும் இதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்களா என்ன? தெருக்கோடி வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றப் போகிற நேரத்தில் இந்த மகராசி எழுந்து, "பொண்ணை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று தன் பஸ் குரலில் கேட்டுவிட்டார். பெண்ணுக்குச் சம்மதம்தான், ஒரு சங்கடமும் வரவில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்கிப்போயிற்று. அதிலிருந்து விசேஷம் என்றால் அவருக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். எனக்கே சில நேரம் எரிச்சலாக வரும். எதற்கு ஊர் வம்பு என்று நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

அப்படி ஒருநாள் சொன்னபோதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம்.

"புத்தூராண்ட ஏறினாங்க புருஷனும் பொண்டாட்டியும். அவன் ரெண்டு திருப்பதி கேட்டான். நான் எப்பயும்போல அவளைக் கேட்டேன். அந்தப் பொண்ணு தலை குனிஞ்சிக்கினு, 'வடமாலப்பேட்டை, எங்கம்மா வூட்டுக்கு'ன்னா. எனக்கு அப்படி ஒரு பெருமை. டிக்கெட்டக் கிழிச்சு அவ கையிலயே குடுத்தேன். வடமாலப்பேட்டையில எறங்கினா. பின்னாலயே அவனும் எறங்கினான். எறங்கினவன் பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் பாக்கறப்பவே உட்டான் ஒரு அறை. கீழ உழுந்துட்டா."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"விசிலைக் கீழ போட்டுட்டு ஓடினேன். அவனைப் புடிச்சுத் தள்ளிட்டு அவளைத் தூக்கினேன். அவ என் மூஞ்சியப் பாத்து, 'உன்னை யாரு கேக்கச் சொன்னாங்க?'ன்னா."

சொல்லிவிட்டு அவர் கடலையை உரித்துக்கொண்டே இருந்தார். உரித்ததில் பாதி தோலோடு சேர்ந்து குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அதோட உட்டீங்களா?"

"கேக்கறத உடல. புருஷன் காதுல உழறமாதிரிக் கேக்கறத உட்டேன். கிட்டப் போயி, குனிஞ்சு, அவளுக்கு மட்டும் கேக்கறமாதிரிக் கேப்பேன்."

இப்போது எங்கள் ஊர்ச் சங்கதிக்கு வருகிறேன். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல் வந்தால் நாங்களும் எல்லாரையும்போல வரிசையில் நின்று ஓட்டுப் போடுவோம். பஞ்சாயத்துக்கு மட்டும் ஓட்டு கிடையாது. ஏககிரீவம். அதாவது ஒரே ஒருத்தர் நாமினேஷன் போடுவார். எதிர்த்து வேறு யாரும் போடக்கூடாது. போட்டி இல்லாததால் ஓட்டே நடக்காமல் அவர் சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், ஆகிவிடுவார். அந்த ஒருத்தர் யார் என்பதைக் கோயில் முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்து முடிவு செய்து கற்பூரம் ஏற்றிவிடுவார்கள். ஒற்றுமையான ஊர் என்று மேலேயிருந்து நிதியும் வரும். எங்கள் ஊர்ப் பெரிய மனுஷனைத் தமிழ் பேசுகிறவர்களும் பெத்தாயனா என்று தெலுங்கில்தான் கூப்பிடுவோம். கற்பூரம் ஏற்றுவது அவர் கை. முதலில் அவர் அப்பா கை.

ஏன் இப்படி என்று யாராவது கேட்டால் கையை நீட்டி எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். என் வீட்டுக்காரரின் அண்ணன் எங்களோடுதான் இருக்கிறார். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு இடது கண் கிடையாது. நான் இந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்னால், கடைசியாகப் பஞ்சாயத்துக்கு ஓட்டு நடந்த நாளில், சைக்கிள் செயினால் அடிபட்டுப் போன கண் அது. "ஓட்டுன்னு நின்னா ரத்தம்தான்டா. பாரு அந்தாளை" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மாமா யாரோடும் அதிகம் பேசமாட்டார். வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. வீட்டில் இருந்தால் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து கயிறு திரிப்பார்.

பஞ்சாயத்துத் தேர்தல் அறிவிப்பு வந்தது. பெத்தாயனாவின் தம்பி மகன்தான் சர்பஞ்ச் என்று கோயில் முன்னால் பேசி முடித்தார்கள். மறுநாள் மத்தியானம் கண்டக்டரக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலையை விட்டு வந்து வீட்டோடு இருந்த காலம் அது.

"நான் நாமினேஷன் போடப்போறேன். முன்மொழிய ஊர்ல ஓட்டு இருக்கற ஒரு ஆளு கையெழுத்துப் போடணும். நீ போடறியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னாக்கா வெளையாடறீங்களா? நின்னா ஜெயிப்பீங்களா?"

"எங்க ஜெயிக்கறது? கல்யாணத்துக்கே கூப்பிடமாட்டேன்றாங்கோ, ஓட்டா போடுவாங்க?"

"அப்புறம் எதுக்கு?"

"ரெண்டு பேர் நின்னாத்தான் ஓட்டு நடக்கும். ஓட்டு நடந்தாத்தான் உன்னை ஒருத்தன் கேப்பான். உனக்குத் தலை நரைக்க ஆரம்பிச்சிடுச்சு. இந்த ஊருக்கு யாரு சர்பஞ்ச்சா வரணும்னு உன்னை ஒரு தடவ எவனாவது கேட்டிருக்கானா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, எங்க மாமாவப் பாத்துக்கினே இப்படிக் கேக்கறீங்களே, மனசாட்சி கீதா? ஒரு கண்ணு போனது பத்தலையா? இந்த வூட்ல ஓட்டுங்கற பேச்சே வேணாம். அவரு மனசு இன்னா பாடுபடும்?"

"அப்படின்னு அவரு சொன்னாரா?"

"சொல்வாங்களா இதையெல்லாம்? ஊருக்கே தெரியும்."

"அவரைக் கேட்டியா?"

இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். இதைக் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. அக்கா என்னைத் தாண்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் மாமாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தன் வழக்கமான குரலை எங்கேயோ விட்டுவிட்டு, குனிந்து, மாமாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"அண்ணா, ஓட்டு நடக்கக்கூடாதுன்னு நெனைக்கிறியா?"

மாமா கயிற்றை நிறுத்தவில்லை. நான் அக்காவின் தோளைத் தொட்டு, போதும் வாங்க என்று சொல்லப் போனேன். அப்போது மாமா பேசினார்.

"கண்ணு ஓட்டுப் போட்டதால போவலம்மா. ஓட்டு நல்லாத்தான் நடந்துச்சு. தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் ஓட்டுப் பொட்டியத் தூக்கினு ஓட ஆளு வந்தாங்க. நான் பொட்டி மேல உழுந்து கட்டிப் புடிச்சுக்கினேன். அப்ப அடிச்சாங்க. பொட்டியக் கெணத்துல போட்டாங்க. நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ, மறுபடியும் ஓட்டு வெக்கறதுக்குள்ள, என் கண்ணக் காட்டி எல்லாரையும் பயமுறுத்தி ஏககிரீவம் பண்ணிட்டாங்க. யாரு ஆளுங்கன்னு கேக்காத. பெத்தாயனாவுக்குத் தெரியும். அவங்கப்பன் ஆளுங்கதான்."

அவ்வளவு வார்த்தை அவர் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, "நான் போடறேன் கையெழுத்து" என்றார்.

அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஒரு மனுஷன் காப்பாற்றப் போய் இழந்த கண்ணைக் காட்டியே அந்தக் காரியத்தைக் கெடுத்திருக்கிறார்கள் பாவிகள். அவரை ஒரு வார்த்தை கேட்காத நாங்களும் அதற்குத் துணையாக இருந்திருக்கிறோம்.

நாமினேஷன் போட்ட அன்று சாயந்தரமே என் பாலில் கொழுப்பு குறைந்துவிட்டது. பால் சேகரிக்கிற மையத்தை நடத்துகிறவன் பெத்தாயனாவின் மருமகன். காலையில் கறந்த அதே மாடு, அதே தீவனம். மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி மாதிரி கீது, எடுத்துக்கினு போ" என்றான். மறுநாளும் அப்படியே. உழவுக்குச் சொல்லி வைத்திருந்த டிராக்டர் வரவில்லை. என் வீட்டுக்காரர் ராத்திரியில் தூங்காமல் புரண்டார். "அண்ணன்கிட்ட நீயாவது சொல்லக்கூடாதா? இருக்கறது ரெண்டு மாடு, அந்தப் பாலுதான் நமக்குச் சோறு" என்றார். நான் என்ன சொல்வது? மாடு கறந்த பாலைக் கொட்டவும் மனசு வராமல், தெருவில் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லாமல், உறைக்கு ஊற்றி ஊற்றி வீடு முழுக்கத் தயிர் நாற்றம்.

அக்கா வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றது. தெருமுனையில் எப்போது பார்த்தாலும் இரண்டு பைக் நிற்கும். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்றும் செய்யமாட்டார்கள், ஒன்றும் பேசமாட்டார்கள். அக்கா எங்கே போனாலும் பின்னால் மெதுவாக வருவார்கள். திருப்பதியில் ஒரு ஓட்டலில் வேலை செய்துகொண்டிருந்த அவர் மகனிடமிருந்து போன் வந்தது. யாரோ நாலு பேர் ஓட்டலுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, "உங்கம்மா நல்லா கீறாங்களா?" என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்களாம். "அம்மா, எல்லாத்தையும் உட்டுட்டு இங்க வந்துடும்மா" என்று அவன் அழுதது எனக்கே போனில் கேட்டது. அக்கா போனை வைத்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உட்ருங்கக்கா" என்றேன்.

"வாபஸ் வாங்கறதுக்கு நாள் இருக்குதில்ல, பாக்கலாம்" என்றார்.

அந்தக் கடைசி நாளும் வந்தது. மூன்று மணிவரை வாபஸ் வாங்கலாம். பக்கத்து ஊரில் இருந்த தேர்தல் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஊர் மறுபடியும் ஏககிரீவம் ஆகிவிடும். காலையிலேயே கோயில் மைக்கில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். அரசமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் கதவைத் திறந்தபடி நின்றது. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

பெத்தாயனா கோபப்படுகிற ஆள் இல்லை. அதுதான் அவரிடம் பயம். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மெதுவாகப் பேசினார்.

"இந்தாம்மா, நீ ஊரெல்லாம் சுத்தினவ, நாலும் தெரிஞ்சவ. இந்த ஊரு அண்ணன் தம்பியா கீது. அதைக் கெடுக்கலாமா? எல்லாரும் ஒத்துக்கினாங்க. நீ ஒருத்திதான் பாக்கி."

"எல்லாரும்னா யாரு பெத்தாயனா? அவங்களே சொல்லட்டும்" என்றார் அக்கா.

பெத்தாயனா சிரித்தார். அவர் அதற்காகத்தான் காத்திருந்தார் என்று தோன்றியது. "சரி, உன் வழிக்கே வரேன். உன் எதிர்லயே கேக்கறேன்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்பா, ஏம்மா, ஏககிரீவம் வேணாம், ஓட்டுதான் வேணும்னு சொல்றவங்க யாராச்சும் இருந்தா கை தூக்குங்க. ஒரு கை தூக்கினாலும் நான் ஒதுங்கிக்கறேன்."

பால் மையத்துக்காரன் ஒரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். டிராக்டர்காரன் இன்னொரு பக்கம். என் கை தன்னால் எழுந்தது. என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம், பாலு" என்றார் காதோரம். என் கை இறங்கிவிட்டது. மாமா கூட்டத்தின் கடைசியில் இருந்தார், அவர் கை தூக்கியிருந்தாலும் முன்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

"பாத்துக்கினியாம்மா? கேட்டாச்சு. எல்லாரும் சொல்லிட்டாங்க. வண்டியில ஏறு."

அக்கா ஏறவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். கை தூக்காத எங்களைப் பார்த்து அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த வடமாலப்பேட்டைக் கதையைச் சொன்னபோது இருந்த முகம்தான் அப்போதும் இருந்தது.

"இது கேக்கறது இல்ல பெத்தாயனா" என்றார். குரல் பெரிதாக இல்லை. "நானும் இப்படிக் கேட்டவதான். புருஷனைப் பக்கத்துல வெச்சிக்கினு பொண்டாட்டிய எங்க போறன்னு கேட்டவ நான். அதால ஒரு பொண்ணு அடி வாங்கினா. பாலு வாங்கறவன் ஒரு பக்கம் நிக்கறான், உழவு ஓட்டறவன் ஒரு பக்கம் நிக்கறான், நடுவுல நின்னு நீ கேக்கற. எவ கை தூக்குவா? இவங்களைக் கேக்கணும்னா ஒவ்வொருத்தரா, தனியா, பக்கத்துல ஒரு ஆளும் இல்லாத மறைவுல வெச்சுக் கேக்கணும். அவங்க இன்னா சொன்னாங்கன்னு எனக்கும் தெரியக்கூடாது, உனக்கும் தெரியக்கூடாது. அதுக்குப் பேருதான் ஓட்டு. அந்த ஒண்ணைத்தான நான் கேக்கறேன்!"

"நேரமாவுது" என்று பெத்தாயனாவின் தம்பி மகன் அக்காவின் கையைப் பிடித்தான். பைக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி வந்தார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமா முன்னால் வந்தார். அக்காவின் பக்கத்தில் போய் நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய அந்தக் கண்குழியை ஊரில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தார்கள்.

"அவங்களை இட்டுக்கினு போறதுன்னா என்னையும் ஏத்து" என்றார். "ஆபீசரு எதிர்ல நானும் பேசணும். பொட்டியத் தூக்கினு போன கதையையும் சேத்தே சொல்றேன். ஏத்துடா வண்டியில."

தம்பி மகன் கையை எடுத்தான். பெத்தாயனா மாமாவின் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, நடக்கட்டும். எவன் ஓட்டுப் போட வரான்னு நானும் பாக்கறேன்" என்றார்.

அவர் போய்விட்டார். ஆனால் கார் போகவில்லை. இன்னும் மூன்று மணி ஆகவில்லையே! அக்கா கோயில் படியில் உட்கார்ந்தார். மாமாவும் உட்கார்ந்தார். நான் என் வீட்டுக்காரர் கையை உதறிவிட்டுப் போய் அக்காவை ஒட்டி உட்கார்ந்தேன். அதற்கப்புறம் ஒரு பெண் வந்தாள். நிச்சயதார்த்தம் நடந்ததே, அந்த வீட்டுக்காரி. அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மத்தியானச் சோறுகூடச் சாப்பிடாமல் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி தாண்டி, கார்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் அக்கா தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் உடம்பு தணலாகச் சுட்டது.

ஓட்டு நாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு மதகு உண்டு. அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்து யார் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சாவடியைச் சுற்றிக் கோடு போட்டிருந்த எல்லையைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றார். ஒருவரையும் கும்பிடவில்லை. யாராவது வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். ஆனால் விடிந்து வெகுநேரம்வரை குனியவே வேலையில்லை. தெரு வெறிச்சென்று கிடந்தது. ஓட்டுச்சாவடி போலீஸ்காரர் கொட்டாவி விட்டார்.

முதலில் போனது மாமா. வெளுத்த வேட்டி, வெளுத்த சட்டை. கண்ணாடி போடவில்லை. மதகைத் தாண்டும்போது நின்று, உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்து நான். எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தபோது மூன்று பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறும்போது வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டது.

அந்த அட்டை மறைப்புக்குள் நான் நின்ற நேரம் கொஞ்சம்தான். பின்னால் என் வீட்டுக்காரர் இல்லை, பெத்தாயனா இல்லை, பால்காரன் இல்லை, அக்காவும் இல்லை. கையில் ஒரு சீட்டும் முத்திரையும். என்னை ஒருத்தர் கேட்கிறார்கள், நான் சொல்கிறேன். அழுகை வந்தது. சீட்டு நனைந்துவிடப் போகிறதே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே எண்ணினார்கள். பெத்தாயனாவின் தம்பி மகன் ஜெயித்தான். வெடி, மாலை, டிராக்டரில் ஊர்வலம். அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, "இன்னாத்துக்கு இவ்ளோ ரகளை? கடைசியில நான்தான ஜெயிச்சேன்?" என்று கேட்டான்.

அக்கா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "ஆமாம்பா. நீ ஜெயிச்ச. உன் பெரியப்பனும் அவங்கப்பனும் ஓட்டில்லாம நாற்காலியில உக்காந்தாங்க, அவ்ளோதான். ஓட்டு நின்னுபோனப்புறம் இந்த ஊர்ல ஜெயிச்ச மொதல் ஆளு நீதான். நல்லாப் பண்ணு" என்றார்.

அவனுக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. ஆனால் பாருங்கள், அவர் வீட்டுக் குழாயில் அந்த வாரமே தண்ணீர் வந்தது. அடுத்த தடவையும் ஓட்டு நடக்குமே என்று நினைத்திருப்பான்.

ஊர்வலம் போனபிறகு நான் அக்காவுக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது.

"அக்கா, நான் இன்னைக்கு யாருக்குப் போட்டேன்னா..."

அவர் பட்டென்று என் வாயைப் பொத்தினார். அந்தக் கையில் துடைப்பத்தின் மண் வாசனை.

"வேணாம்மா. ஊரு முழுக்க எல்லார் டிக்கெட்டையும் வாங்கிப் பாத்தவ நான். இது ஒண்ணை மட்டும் எங்கிட்டக் காட்டாத. இது உன்னுது."

அதற்கப்புறம் அவர் திருப்பதியில் மகனோடு போய் இருந்தார். போன புரட்டாசியில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனார். நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். நான் என்னென்னவோ சொல்லி அழுதேன். என் பாலில் கொழுப்பு எப்போதோ திரும்பிவிட்டது. மாடு பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

இப்போது மறுபடியும் பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது என்கிறார்கள். நேற்று சாயந்தரம் பெத்தாயனாவின் ஆள் ஒருவன் எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தினான். இறங்காமலே, என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னாண்ணா, உங்க வூட்டு ஓட்டு மூணும் நமக்குத்தான?" என்றான். நான் அடுப்படியில் இருந்தேன். மாமா கொட்டகையில் இருந்தார். இவர் வாயைத் திறப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. போச்சு, மூன்று பேருக்கும் சேர்த்துத் தலையாட்டப் போகிறார் என்று நினைத்தேன். பால் மையம் இன்னும் அவர்கள் கையில்தானே இருக்கிறது.

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். கொட்டகைப் பக்கம் பார்த்தார். அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"அவங்க ரெண்டு பேரும் உள்ளதான் கீறாங்கோ" என்றார். "அவங்களையே கேளு."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "சொல்லமாட்டேன்" என்றேன்.